அவிட்டத்தில் அடைத்த அறை

நாகலக்ஷ்மிக்கு வீட்டை விற்பதில் ஒரு தடையும் இல்லை. அந்த ஒரு அறையை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முப்பத்தோரு வருஷம் குடியிருந்த வீடு. படுக்கையறைகள் எல்லாம் மாடியில். கீழே, சமையலறையைத் தாண்டி, பின்பக்கமாக இழுத்துக் கட்டிய அறை ஒன்று உண்டு. அதைப் பூட்டி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே ஆள் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாகலக்ஷ்மியால் மட்டும் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. தினமும் பிற்பகல் மூன்று ஐம்பது வாக்கில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவள், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேலத்தில் கெமிஸ்ட்ரி படித்து, கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து, ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருபத்து நான்கு வருஷம் மாத்திரைகளைச் சோதித்தவள். அங்கே பாடம் இரண்டே இரண்டு. கண்ணால் பார்க்காததை எழுதாதே. எழுதியதற்குக் கையெழுத்துப் போடாமல் எழுந்திருக்காதே. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, மளிகை லிஸ்டுக்குக் கீழே கூடத் தேதி போடுவாள். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து பத்தாதுன்னு நெனச்சிருப்பா இவ" என்று பாலசுப்ரமணியன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கணவர். டெலிகாம் இன்ஜினியர். வாய் ஓயாத மனுஷன்.

அந்த வாய்தான் முதலில் போனது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் கூடவே போயிற்று. மாடி ஏற முடியாதென்று பின்பக்க அறையில் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். நாகலக்ஷ்மி அவருடைய மோதிரத்தை வலக்கையிலிருந்து கழற்றி இடக்கையில் போட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவார். மூன்று தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் வா. தண்ணீரைவிட 'வா'தான் அதிகம் கேட்கும். ஒன்றுமே இருக்காது, போய் நின்றால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வருஷம் இப்படி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை போய் நின்றவளுக்குச் சில சமயம் எரிச்சலும் வந்திருக்கிறது. வராது என்று சொல்கிறவர்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டதில்லை.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, டெக்சாஸிலிருந்து மகள் ரக்ஷா போன் செய்திருந்தாள். ரிச்சர்ட்சனில் புது வீடு வாங்கியிருந்தார்கள் அவளும் மருமகன் அனிருத்தும். சோபா எந்தக் கலரில் வாங்குவது என்பதுதான் பேச்சு. நாகலக்ஷ்மி போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பதுக்குத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. "வரேங்க" என்று குரல் கொடுத்தாள். மணி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, மைக்ரோவேவ் மேலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. சோபா பேச்சு முடிந்து, கையைக் கழுவி, அறைக்குப் போனபோது நாலு பத்து. அவர் கண் மூடியிருந்தது. மோதிரக் கை கம்பியின் மேல் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எடிசன் ஊர்ப் பக்கமிருந்த சாஸ்திரிகளுக்குப் போன் செய்தபோது அவர் முதலில் கேட்டது உயிர் பிரிந்த நேரம். நாலு பத்து என்றாள். சாஸ்திரிகள் இந்திய நேரத்துக்கு மாற்றிப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் திருவோணம்மா. அதுக்கப்பறம் அவிட்டம் வந்துடுத்து. அவிட்டத்துல போயிருக்கார், அடைப்பு இருக்கு. அந்த ரூமை ஆறு மாசம் பூட்டி வெச்சிடுங்கோ."

மூன்று ஐம்பதிலேயே போயிருந்தால் திருவோணம். அடைப்பு கிடையாது, பூட்டும் கிடையாது. முதல் தட்டோடு உயிர் போய்விட்டது, அவள் ஓடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது என்றாகும். நாலு பத்து என்றால் மனுஷன் இருபது நிமிஷம் கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்து போயிருக்கிறார். எது நிஜம் என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதுதான் அவளை அரித்தது.

ரக்ஷா வந்து இறங்கியதும் கேட்டது ஒன்றே ஒன்று. "வேர் யூ வித் ஹிம், அம்மா?" அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, தமிழ் நன்றாகப் புரியும், பதில் பாதி இங்கிலீஷில்தான் வரும். நாகலக்ஷ்மி சற்றும் யோசிக்காமல், "கையப் பிடிச்சுக்கிட்டுதாண்டா இருந்தேன்" என்றாள். உன்னோடு சோபா பேசிக்கொண்டிருந்தேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? வாழ்நாளில் பொய்க் கையெழுத்துப் போடாதவள் மகளிடம் சொன்ன பெரிய பொய் அது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அறையைப் பூட்டினாள். கட்டிலைக் கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கு என்று அந்த அறையின் ஹீட்டிங்கை மட்டும் அணைத்தாள். நவம்பர், டிசம்பர் போயின. ஜனவரியில் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினால் தரையில் விழுமுன் கட்டியாகிவிடும் போலக் குளிர் அடித்தது. அது கழிந்த திங்கட்கிழமை, மூன்று ஐம்பதுக்கு, பூட்டிய அறையிலிருந்து கேட்டது. தக், தக்.

அவள் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். அந்த ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் அறுபத்தேழு வயதுக்காரி என்று நம்பியிருக்க மாட்டார்கள். கதவருகில் போய் நின்று, "வந்துட்டேங்க, இங்கதான் நிக்கறேன்" என்றாள். உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. அரை மணியில் நின்றது. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

கட்டிலே போய்விட்டதே, கம்பி ஏது என்று லேப் புத்தி ஒரு தடவை கேட்டது. அந்தக் கேள்வியை அவள் உள்ளே விடவில்லை. பிப்ரவரியில் கதவிடுக்கிலிருந்து ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வந்தது. வாசலில் சாம்பிராணி போட்டாள். மூன்றரைக்கு மேல் வெளியே போவதை நிறுத்தினாள். கோயிலில் கூப்பிட்டார்கள், தோழிகள் கூப்பிட்டார்கள், எல்லோருக்கும் முழங்கால் வலி என்று சொன்னாள். தட்டத் தொடங்கியதும் மடக்கு நாற்காலியைக் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். ரக்ஷாவின் குழந்தை டேகேரில் யாரையோ கடித்தது, தோட்டத்தில் மான் புகுந்தது, எல்லாம். பயம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் எழுந்து போக மாட்டாள். ஒரு தடவை போகாமல் இருந்தது போதும்.

ஏப்ரல் பிறந்ததும் ரக்ஷா பிடித்த பிடியில் நின்றாள், வீட்டை விற்றுவிட்டு ரிச்சர்ட்சனுக்கு வந்துவிட வேண்டுமென்று. இந்தக் குளிரில் ஒற்றையாக இன்னொரு வருஷம் விடமாட்டேன் என்று அழுதாள். பேத்தி வேறு போனில் "பாட்டி கம்" என்றது. நாகலக்ஷ்மி சரி என்றாள். அடைப்பு முடிந்த தேதியும் வந்து போயிற்று. திறந்து கழுவிப் பூஜை செய்யச் சொன்னார் சாஸ்திரிகள். அவள் திறக்கவில்லை. திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால் என்ன செய்வது? உள்ளே இருந்தால்தான் என்ன செய்வது?

வீட்டை விற்றுக் கொடுக்க வந்த ஏஜென்ட் மதன் நாமக்கல்காரன், வாய் சாமர்த்தியம் உள்ளவன்.

"ஆன்ட்டி, எல்லா ரூமும் சூப்பரா இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் ஏன் லாக் பண்ணி வெச்சிருக்கீங்க? ஷோயிங்க்கு, வீடு பாக்க வர்றவங்க என்னமோ ஏதோன்னு நெனப்பாங்க."

"சாமான் போட்டிருக்கேன் தம்பி. ஜன்னல் வழியா பாத்துக்கட்டும்."

ஜன்னலில் திரை போட்டிருந்தது. இருந்தும் மூன்றாவது நாளே ஒரு ஜோடி பிடித்துப்போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. கயல், மகிழன். ஈரோட்டுப் பக்கம். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை, கயலுக்கு ஆறாவது மாதம். வாங்குமுன் ஆள் வைத்து வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு எல்லா அறையையும் திறந்து காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை மட்டும் கயல் போட்டாள்.

அந்த ஊர் வழக்கப்படி, ஒப்பந்தம் கையெழுத்தானதும் இரு தரப்பு வக்கீல்களும் பார்க்க மூன்று நாள் அவகாசம் உண்டு. நாகலக்ஷ்மிக்கு வக்கீல் யாமினி. சின்ன வயசு, ஆனால் ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தைக்குப் பதிலாகப் போட விடமாட்டாள். அந்த ஒரு குணத்துக்காகவே நாகலக்ஷ்மிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆபீசில் எதிரெதிரே உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள்.

"வீட்டுப் பத்திரம் உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு ஆன்ட்டி. கணவன் மனைவியா வாங்கினதால இப்ப முழுசும் உங்களுக்கு. டெத் சர்ட்டிஃபிகேட் ஒண்ணு போதும். அந்தப் பின்னாடி ரூமுக்கு டவுன்ஷிப்ல பர்மிட் வாங்கினீங்களா?"

"அவர் எல்லாம் ஃபைல் பண்ணி வெச்சிருக்கார்."

"குட். அடுத்தது செல்லர் ஃபார்ம், விக்கறவங்க நிரப்பறது. வீட்டோட கண்டிஷன் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதணும். எங்கயாவது தண்ணி கசிவு உண்டா?"

"இல்ல."

"பூஞ்சை, ஈரம்?"

"இல்ல."

நாகலக்ஷ்மி கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். யாமினி லேப்டாப்பைத் திருப்பி ஒரு மின்னஞ்சலைக் காட்டினாள்.

"வாங்கறவங்க சைடுலேர்ந்து ஒரு கேள்வி வந்திருக்கு. இந்த வீட்டுல யாராவது இறந்திருக்காங்களான்னு. பாருங்க ஆன்ட்டி, நம்ம ஸ்டேட்ல இதை நீங்களா போய் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா அவங்க கேட்டுட்டா பொய் சொல்லக் கூடாது. எழுத்துல கேட்டாலும் சரி, நேர்ல கேட்டாலும் சரி. தெரிஞ்சதை தெரிஞ்சபடி சொல்லணும்."

"எழுதிக்கோம்மா. என் வீட்டுக்காரர். அந்தப் பின் ரூம்ல."

"நேச்சுரல் டெத். கூட யாராவது இருந்தாங்களா?"

நாகலக்ஷ்மி டிக் போட்ட கட்டங்களையே பார்த்தாள். யாமினி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

"அது தேவையில்ல, விடுங்க. மெயில் காப்பி எல்லாம் ரக்ஷாவுக்கும் போகும், நீங்கதான் சேக்கச் சொன்னீங்க. வேற ஏதாவது இருக்கா ஆன்ட்டி? வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சு, வாங்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது?"

இந்தப் பெண் கேட்ட மாதிரி யாரும் கேட்கவில்லை. நாகலக்ஷ்மி பேனாவை மூடி வைத்தாள்.

"அந்த ரூம்லேர்ந்து சத்தம் வருதும்மா. அவர் தட்டற மாதிரி."

யாமினி சிரிக்கவில்லை, அனுதாபப்படவும் இல்லை. "எப்போலேர்ந்து?"

"ஜனவரி."

"எப்பல்லாம்?"

"தினம். மூணு அம்பது. அவர் கூப்பிட்ட நேரம்."

"திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. பூட்டினது பூட்டினபடிதான் இருக்கு. ஆறு மாசமாச்சு."

யாமினி படிவத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள். "அப்ப அந்த ரூமை நீங்க ஆறு மாசமா பாக்கலை. பாக்காமலேயே 'இல்ல, இல்ல'ன்னு டிக் பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி."

மேலதிகாரி கூட அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் சுண்டிப் போயிற்று. கோபம் வக்கீல் மேல் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. டிக் போட்ட இரண்டு கட்டங்களின் மேலும் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போட்டு, "திறக்கறேன்" என்றாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு ரக்ஷா டெக்சாஸிலிருந்து வந்துவிட்டாள். பழைய அறையைத் திறக்கும்போது அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று அவளாகவே டிக்கெட் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியாது, அவள் வரக் கூடாது என்றுதான் நாகலக்ஷ்மி வேண்டிக்கொண்டிருந்தாள் என்று. நேரில் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. கயல் ஏதாவது கேட்டு, தான் பதில் சொல்லி, அது மகள் காதில் விழுந்தால்? அப்பா போனது உன் சோபா பேச்சுக்கு நடுவில் என்று அந்தப் பெண் ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமா?

இன்ஸ்பெக்டர் ஜெர்சிக்காரர், தாடி வைத்த பெரிய உருவம். கூரை, மாடி, கராஜ் எல்லாம் முடித்துப் பின் அறைக்கு வரும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது. கயல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மகிழனும் மதனும் வெளியே கார் அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாவி திரும்பவில்லை. ரக்ஷா வாங்கித் திருகினாள். கதவு ஈரத்தில் உப்பியிருந்தது, தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

வாடை முகத்தில் அறைந்தது. கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால், வெளிச்சுவரின் மூலையில், இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. அது கீழே அகலமாகவும் மேலே குறுகியும் இருந்தது. நாகலக்ஷ்மிக்கு ஒரு நொடி யாரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. ரக்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தட்டியது. தக், தக்.

கயல் "அம்மா" என்று பின்வாங்கினாள். ரக்ஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாகலக்ஷ்மி மட்டும் அசையவில்லை. இத்தனை மாதம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதை இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். சத்தம் கட்டில் இருந்த இடத்திலிருந்து வரவில்லை. மூலையிலிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு, சுவரோரமாக ஓடிய ஹீட்டரின் தகர மூடியைக் கழற்றினார். உள்ளே வெந்நீர் ஓடும் செம்புக் குழாய். மூலை வளைவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு. சொட்டு திரண்டு, கீழே மடிந்திருந்த தகரத்தில் விழுந்தது. தக். இன்னொன்று. தக்.

"இந்த ரூமுக்கு ஹீட்டை ஆஃப் பண்ணீங்களா மேம், விண்டர்ல?" என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து குழாய் வெடித்திருக்கிறது. மற்ற அறைகளுக்குப் பாய்லர் ஓடும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இங்கே சொட்டும். வீட்டுத் தெர்மோஸ்டாட் பிற்பகலில் எத்தனை மணிக்குச் சூடேற்ற வைத்திருக்கிறது என்று கேட்டார்.

மூணே முக்கால். அதுவரை பகலெல்லாம் சூட்டைக் குறைத்தே வைத்திருக்கும். பாலசுப்ரமணியன் பல வருஷம் முன்பு வைத்தது, நாகலக்ஷ்மி வேலையிலிருந்து திரும்பும்போது வீடு கதகதப்பாக இருக்க வேண்டுமென்று.

இன்ஸ்பெக்டர் குறடு ஒன்றை எடுத்து வால்வைத் திருகினார். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழவில்லை. அவ்வளவுதான். நாலு மாதமாக அவள் ஓடி ஓடி வந்து பேசிக்கொண்டிருந்தது ஒரு செம்புக் குழாயிடம். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. குழாய் கூப்பிட்டதற்கு ஒரு நாள் தவறாமல் ஓடியிருக்கிறாள். கட்டின புருஷன் கூப்பிட்டதற்குப் போகவில்லை. அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் படம் எடுக்க கேமரா கொண்டுவர வெளியே போனார். கயல் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். பயந்திருந்தாலும் நல்ல பெண், தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி. எங்க அத்தை ஊர்லேர்ந்து கேக்கச் சொன்னாங்க. அங்கிள் இங்கதானே... கஷ்டப்பட்டாரா? கூட யாராச்சும் இருந்தீங்களா?"

ரக்ஷா முந்திக்கொண்டாள். "மாம் வாஸ் வித் ஹிம். அப்பா கையப் பிடிச்சிட்டு இருந்தாங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். மகள் சொல்லிவிட்டாள், கயலும் தலையாட்டத் தயாராக இருந்தாள், கதை அதோடு முடிந்திருக்கும். நாகலக்ஷ்மி சுவரைப் பார்த்தாள். பார்க்காததை இல்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்று அது கறுப்பாக நின்று காட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா கயல். நான் கூட இல்ல. மூணு அம்பதுக்குக் கூப்பிட்டார். வரேன்னு சொன்னேன். போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். நாலு பத்துக்குப் போனேன். போயிட்டிருந்தார். தனியாத்தான் போனார்."

யாரோடு பேசினாள் என்று கயல் கேட்கவில்லை. அருகே வந்து நாகலக்ஷ்மியின் தோளைத் தொட்டுவிட்டு, "சொன்னதுக்கு தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொல்லி, கணவனைத் தேடி வெளியே போனாள். சுவரை இடித்து, குழாயை மாற்றி, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகு அந்த ஜோடிதான் அந்த வீட்டை வாங்கியது. அது ஜூனில் நடந்தது.

அறையில் தாயும் மகளும் மட்டும் நின்றார்கள். நாகலக்ஷ்மிக்கு மகளை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"உன்னால இல்லடா. நீ பேசினதால இல்ல. நான்தான் போனை வெச்சிருக்கணும். முதல் தட்டுலயே போயிருப்பார், நான் ஓடியிருந்தாலும் ஆகியிருக்காது."

"ஐ நோ யூ வேர் ஆன் தி போன், அம்மா. என்னோடதானே பேசிட்டு இருந்தீங்க." ரக்ஷாவின் குரல் இறங்கியிருந்தது. "கையப் பிடிச்சிட்டு இருந்தேன்னு நீங்க சொன்னப்பவே தெரியும். நீங்க சொல்லும்போது நல்லா இருந்துச்சு. அதான் நானும் எல்லார்கிட்டயும் அப்படியே சொன்னேன்."

"தெரியுமா?"

"ஸ்பீக்கர்ல இருந்துச்சேம்மா. அப்பா தட்டினது எனக்குக் கேட்டுச்சு. ஐ ஹேர்ட் இட். ஐ கெப்ட் டாக்கிங்."

நாகலக்ஷ்மி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரே நெருப்பை இரண்டு பேரும் இத்தனை மாதம் தனித்தனி மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒரு தடவைதான்டா தட்டினார். அதோட போயிட்டார்."

ரக்ஷா தோளில் முகத்தை வைத்தபடியே தலையாட்டினாள். இல்லை என்று.

"ரெண்டு தடவை."

"எப்போ?"

"லாஸ்ட்ல. பீஜ் கலரே எடுத்துக்கோன்னு நீங்க சொன்னீங்களே, அதுக்கப்பறம். ரொம்ப மெதுவா. குழாயில தண்ணி திறந்துட்டீங்க, உங்களுக்குக் கேக்கலை."

நாகலக்ஷ்மியின் கை மகளின் முதுகில் அப்படியே நின்றது. வெளியே மதன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அடைத்த வால்விலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. இருவரும் வெகு நேரம் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.